முதுகில் எழுதிய தேதி

மார்ச் ஒன்பதாம் தேதி, காலை பதினொன்று இருபது. கடை திறந்து இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் மூன்று பேர் கோ யுங்-ஷெங்கிடம் விலை கேட்டுவிட்டு, எதிர்க்கடையில் போய் வாங்கியிருந்தார்கள்.

தைப்பேயின் அந்தக் கணினிச் சந்தையில் மூன்றாம் மாடி முழுக்கச் சின்னச் சின்னக் கடைகள். ஷெங்கின் கடைக்கும் எதிர்க்கடைக்கும் நடுவே எட்டு அடி. இரண்டிலும் ஒரே சரக்கு. கணினிக்குள் பொருத்துகிற, தகவல் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. டிரைவ், கேமராவில் சொருகுகிற சோப்புக்கட்டி அளவு எஸ்.எஸ்.டி. ஒரே மொத்த வியாபாரியின் வண்டிதான் இரண்டு கடைக்கும் பெட்டி இறக்கும். ஷெங்கின் விலைச் சீட்டில் எப்போதும் நூற்றைம்பது யுவான் குறைவு. ஆனாலும் கூட்டம் அங்கே.

காரணம் ஒரு வெள்ளைப் பலகை.

எதிர்க்கடைக்காரி லியாவ் பி-யுன் அதைத் தன் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தாள். இடப்பக்கம் கம்பெனிப் பெயர்கள். பக்கத்தில், எத்தனை விற்றது. அதற்குப் பக்கத்தில், எத்தனை கெட்டுத் திரும்பி வந்தது. வேறு ஒரு சொல் கிடையாது. ஐந்து வருடமாக எழுதி வருகிறாள். ஆட்கள் அதைப் படம் எடுத்து இணையத்தில் போட்டார்கள். தைவானின் தெற்குக் கோடியில் இருப்பவன்கூட, யுன் பலகை என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினான். கம்பெனி ஆட்கள் அன்னாசிக் கேக் பெட்டியோடு வந்து, ஓர் எண்ணைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் குழைவார்கள். அவள் கேக்கை அக்கம்பக்கத்துக் கடைகளுக்குப் பிரித்துக் கொடுப்பாள். எண் அப்படியே இருக்கும்.

ஷெங்குக்கும் ஒரு துண்டு வரும். அவன் அதைத் தின்பான்.

இருவரும் ஒன்பது வருடம் ஒரு விநியோக நிறுவனத்தின் பழுதுக் கவுண்டரில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். திரும்பி வரும் டிரைவைச் சோதிப்பது வேலை. சோதித்ததும் வெள்ளை மையால் அதன் முதுகில் தேதியும் தன் பெயரின் ஓர் எழுத்தும் போட வேண்டும். கெட்டது என்று தேதி போட்டதை விற்கக் கூடாது. தூக்கி எறியவும் கூடாது. அந்த நாட்களில் ஷெங் ஒரு நாளைக்கு எண்பது பார்ப்பான். அவள் ஐம்பதைத் தாண்ட மாட்டாள். மேலாளர் ஷெங்கைக் காட்டி அவளைத் திட்டுவார். இப்போது ஐம்பது பார்த்தவள் கடையில் ஆட்கள் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

பக்கத்தில் கேபிள் விற்கும் பான் அக்கா தலையை நீட்டினாள்.

"என்ன ஷெங், காலையிலேயே மூணு பேருக்கு விலை சொல்லிட்டே போல. பேசாம சம்பளம் கேளு அவகிட்ட."

"போக்கா."

"உன் பச்சைப் பொட்டலத்தைப் பாரு முதல்ல. ஜனவரியோட காலாவதி. அப்புறம் எப்படி யாவாரம் நடக்கும்?"

அவன் சோதனைக் கணினியின் மேல் தேங்காய்ச் சுவை சோளப்பொரிப் பொட்டலம் ஒன்று இருந்தது. பச்சை நிறம். மாடியில் எல்லாக் கடையிலும், எல்லா இயந்திரத்தின் மேலும் அது இருக்கும். அது இருக்கும்வரை இயந்திரம் அடங்கி நடக்கும் என்பது நம்பிக்கை. காலாவதியானால் அடங்காது. புதிது வைக்க வேண்டும் என்று அவன் இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் தோளில் கேமராப் பையோடு ஒரு பெண் வந்தாள். நான்கு நாட்களுக்கு முன் அவனிடம் 'வெள்ளைக் கொக்கு' கம்பெனி டிரைவ் வாங்கியவள். விலைக்காக மட்டும் வாங்குகிற சிலரில் ஒருத்தி.

"அண்ணே, இது நல்லா ஓடுது. அப்புறம் உக்காந்துக்குது."

"உக்காந்துக்குதுன்னா?"

"கல்யாணம் எடுத்துட்டு இருக்கேன். பாதியில கேமரா நின்னு போச்சு. மாப்பிள்ளை மோதிரம் போடறான், எனக்கு கறுப்புத் திரை. அவங்க அம்மா என்னை அடிக்க வந்துட்டாங்க."

ஷெங்குக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். வெள்ளைக் கொக்கு கெடாது. பி-யுன் பலகையில் அதுதான் முதல் வரி. விற்றது நானூற்றுப் பன்னிரண்டு, திரும்பியது ஒன்று. இந்த வருடம் விலையும் இறங்கியிருந்தது. அவன் அவளுக்கு வேறு கம்பெனி டிரைவ் ஒன்றைக் கொடுத்து அனுப்பினான். பிறகு கொக்கைச் சோதனைக் கணினியில் சொருகினான்.

பத்து ஜிபி வரை காற்றாகப் போனது. இருபது, அதே வேகம். முப்பதைத் தாண்டியதும் கோடு செங்குத்தாக விழுந்தது. நொடிக்கு ஆயிரம் எம்பி எழுதியது இப்போது எழுபது எழுதியது. அவன் மேலும் நூறு ஜிபி கொடுத்துப் பார்த்தான். எழவே இல்லை.

பிளாஸ்டிக் நெம்பியால் உறையைத் திறந்தான். உள்ளே இருந்த சில்லுகளின் மேல் எழுத்து இல்லை. சுரண்டியிருந்தார்கள். அலமாரியில் போன வருடத்துக் கொக்கு ஒன்று இருந்தது. அதையும் திறந்தான். அதில் எழுத்து இருந்தது. அதன் சில்லு வேறு. பெட்டி ஒன்றுதான். மாடல் எண் ஒன்றுதான். கொக்குப் படம் ஒன்றுதான். நல்ல பெயர் வாங்கும் வரை நல்ல சில்லு. வாங்கிய பிறகு இது.

உறையை மூடி, வெள்ளைப் பேனாவால் முதுகில் எழுதினான். 3/9, மாதமும் நாளும். பக்கத்தில் தன் எழுத்து. கை தானாக எழுதியது. கல்லாவின் இடப்பக்க இழுப்பறையில் போட்டான்.

எதிர்க்கடையில் பி-யுன் ஒருவனுக்குக் கொக்குப் பெட்டியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது பழைய சரக்கு. அவளிடம் அது இன்னும் பத்துப் பதினைந்து இருக்கும். அடுத்த வண்டியில் புதியது வரும்.

எட்டு அடிதான். நடந்து போய்ச் சொல்லியிருக்கலாம். நடக்காமல், இருந்த இடத்திலிருந்து குரல் கொடுத்திருக்கலாம். ஷெங் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தான். பன்றித் துண்டு வறுவல், முட்டைக்கோஸ், அரை முட்டை. நெடுநாளைக்குப் பிறகு அன்று அவனுக்குச் சாப்பாடு ருசித்தது.

மறுநாள், தன்னிடம் இருந்த ஆறு புதுக் கொக்குகளை மொத்த வியாபாரியின் வண்டியிலேயே திருப்பி ஏற்றினான். நகரவில்லை என்று காரணம் சொன்னான். அந்த ஆறு பெட்டியும் அதே வண்டியில் அடுத்து எந்தக் கடைக்குப் போகும் என்று அவன் யோசிக்கவில்லை. யோசித்தான்.

இருபதாம் தேதி ஹோ வந்தான். ஹோ ட்சுங்-யென். தாடி, கால்சட்டை முழுக்கப் பை. ஆவணப்படம் எடுக்கிறவன். கடல் தெய்வமான மாட்சு அம்மன் ஊர்வலத்தை இந்த வருடம் அவன் குழு முழுதாக எடுக்கிறது. ஒன்பது பகல், எட்டு இரவு, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒன்பது கேமரா. கேமராவிலிருந்து நேராக டிரைவில் பதிவாகும். முப்பது டிரைவ் வேண்டும்.

அவன் முதலில் ஷெங்கிடம்தான் நின்றான். "கொக்கு என்ன விலை, அண்ணே?"

"கொக்கு இல்ல. 'மூங்கில்' இருக்கு. ரெண்டாயிரத்து நானூறு."

"மூங்கில் பலகையில நூத்தி எண்பதுக்கு நாலு திரும்பியிருக்கே."

"பலகையை நான் எழுதலையே."

ஹோ சிரித்துவிட்டு அந்தப் பக்கம் போனான். பி-யுன் முன்னால் குனிந்து வெகுநேரம் பேசினான். ஷெங் துணியால் கல்லாவைத் துடைத்தான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

கொஞ்ச நேரத்தில் பி-யுன் நடைபாதையைத் தாண்டி வந்தாள். கையில் ஒரு கொக்குப் பெட்டி. கல்லாவில் சாய்ந்து நின்றாள். இடுப்பு இழுப்பறை இருந்த பக்கத்தில் இடித்தது.

"ஷெங் அண்ணே, கொக்கு புதுச் சரக்கு வந்திருக்கு. விலை ரொம்ப இறங்கியிருக்கே. ஏதோ உறுத்துது. நீங்க போட்டுப் பார்த்தீங்களா?"

"நீ பார்க்கலையா?"

"இருபது ஜிபி எழுதிப் பார்த்தேன். சரியாத்தான் ஓடுது. ஊர்வலம், அண்ணே. நின்னுச்சுன்னா திரும்ப எடுக்க முடியாது. அதான் உங்ககிட்ட ஒரு வார்த்தை."

அவள் கண்ணில் பழைய கவுண்டர் தெரிந்தது. சந்தேகம் வந்தால் நாற்காலியைத் திருப்பி இப்படித்தான் கேட்பாள். அவன் சொன்னால் சரி. அப்போது அவனுக்கு அது பெருமையாக இருந்தது. இப்போது அவளுக்குப் பின்னால் பலகை தெரிந்தது. நானூற்றுச் சொச்சம், ஒன்று.

"தைவானே உன் பலகையைக் கேட்டு வாங்குது. நீ வந்து என்னைக் கேக்கறே?"

பான் அக்கா பக்கத்திலிருந்து ஓவென்று சிரித்தாள். பி-யுன்னும் சிரித்தாள். கொஞ்சம் முகம் சுருங்கிச் சிரித்தாள்.

"சரி அண்ணே," என்றாள். திரும்பிப் போய் முப்பது பெட்டி அடுக்கினாள்.

நான் பொய் சொல்லவில்லை என்று ஷெங் நினைத்தான். நல்லது என்று சொல்லவில்லை. கெட்டது என்றும் சொல்லவில்லை. அவள் கேட்டாள், நான் ஒரு கேள்வி கேட்டேன். அவ்வளவுதான். இதை அடுத்த இரண்டு வாரம் அவன் தினமும் நினைத்தான். பெருநகர் ரயிலில் நினைத்தான். பல் துலக்கும்போது நினைத்தான்.

ஏப்ரல் ஐந்தாம் தேதி ஊர்வலம் புறப்பட்டது. மாடியில் பாதிக் கடையில் நேரலை ஓடியது. பல்லக்கு வருகிறது, சாலையில் அருள் வேண்டி வரிசையாகக் குப்புறப் படுத்தவர்கள் மேல் அது கடந்து போகிறது. ஷெங் பல்லக்கைப் பார்க்கவில்லை. பக்கத்தில் கேமராவோடு ஓடுகிறவர்களைப் பார்த்தான். ஒருவன் நின்று கேமராவைத் தட்டினால் அவனுக்கு மார்பு அடித்துக்கொண்டது. அது பயமா சந்தோஷமா என்று அவனுக்கே தெரியவில்லை.

எட்டாம் தேதி காலை கடை திறக்கும்போதே ஹோ வந்துவிட்டான். அதிவேக ரயிலில் வந்திருந்தான். மூன்று நாள் குளிக்காத முகம். ஊதுவத்தி வாசனை. பையை அப்படியே பி-யுன் கல்லாவில் கவிழ்த்தான். டிரைவுகள் உருண்டன.

"முப்பதும் ஒரே மாதிரி. அரை மணி எடுத்தா நின்னுடுது," என்றான். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நேத்து பாலத்துல ஒருத்தர். ரெண்டு காலும் இல்ல. பல்லக்குக்கு அடியில போகணும்னு மூணு நாளா கையாலேயே நகர்ந்து வந்திருக்கார். பல்லக்கு வந்துச்சு. நாலு கேமரா வச்சிருந்தேன். நாலும் கறுப்பு."

நடைபாதையில் ஆட்கள் நின்றுவிட்டார்கள். பான் அக்கா கேபிளைக் கீழே வைத்தாள். ஷெங் தன் கல்லாவுக்குப் பின்னால் அசையாமல் நின்றான். ஐந்து வருடமாக அவன் பார்க்க நினைத்த காட்சி இதுதான்.

பி-யுன் ஒரு டிரைவைச் சொருகி எழுதவிட்டாள். முப்பதைத் தாண்டியதும் கோடு விழுந்தது. அவள் திரையையே பார்த்தாள். காது மடல் சிவந்தது.

"இருபதுல நிறுத்திட்டேன்," என்றாள். "கம்பெனி சில்லை மாத்தியிருக்கான். ஆனா பார்க்க வேண்டியது நான். தப்பு என்னோடது."

அவள் நாற்காலியில் ஏறினாள். பலகையில் கொக்கு வரியில் 'ஒன்று' என்பதை விரலால் அழித்தாள். முப்பத்தொன்று என்று எழுதினாள். இறங்கி, கொக்குப் பெட்டிகள் எல்லாவற்றையும் அலமாரியிலிருந்து எடுத்துத் தரையில் அடுக்கினாள்.

ஷெங் காத்திருந்தான். கூட்டம் கலைந்து தன் பக்கம் வரும் என்று காத்திருந்தான்.

ஒருவன் கைபேசியை உயர்த்திப் பலகையைப் படம் எடுத்தான். இன்னொருவன் எடுத்தான்.

"பார்த்தியா, அவளே எழுதிட்டா," என்றான் முதலாமவன்.

"வேற எவன் எழுதுவான்?" என்றான் மற்றவன். "எனக்கு ஒண்ணு வேணும். எது வாங்கட்டும்னு அவளையே கேக்கறேன்."

மதியத்துக்குள் அங்கே வழக்கத்தைவிட அதிகக் கூட்டம். அவள் விழுந்தால்கூட மேலே விழுகிறாள். அவன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து மூடினான்.

இரண்டு மணிக்கு அவள் வந்தாள். ஹோவைக் கீழே சாப்பிட அனுப்பியிருந்தாள்.

"அண்ணே, உங்ககிட்ட மூங்கில் எத்தனை இருக்கு?"

"முப்பத்தி நாலு."

"முப்பது வேணும். அஞ்சரை மணி ரயில்ல அவர் திரும்பிடணும். இன்னும் ஆறு நாள் ஊர்வலம் இருக்கு."

இப்போது விலை அவன் கையில். "ரெண்டாயிரத்து எண்ணூறு," என்றான். சீட்டில் இரண்டாயிரத்து நானூறு என்று இருந்தது. அவள் சீட்டைப் பார்த்தாள்.

"சரி," என்றாள்.

பேரம் பேசவில்லை. பேசியிருந்தால் அவனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. பெட்டிகளை இறக்கினான்.

"ஒவ்வொண்ணையும் நூறு ஜிபி எழுதிப் பார்த்துதான் அனுப்பப் போறேன்," என்றாள். "என்கிட்ட ரெண்டு கணினிதான். உங்களுதும் கிடைக்குமா?"

அவள் தன் கடையை அடைத்துவிட்டு, இரண்டு கணினியையும் ஒரு நாற்காலியையும் தூக்கி வந்தாள். கல்லாவுக்குள் நுழைந்து அவன் இடப்பக்கம் உட்கார்ந்தாள். முன்பும் இடப்பக்கம்தான். அவன் கணினியின் மேல் இருந்த பொட்டலத்தை எடுத்துப் பார்த்தாள்.

"என்ன அண்ணே இது, ஜனவரி?"

எழுந்து போய்த் தன் கடையிலிருந்து புதுப் பச்சைப் பொட்டலம் கொண்டுவந்து வைத்தாள். பழையதைப் பிரித்து நடுவில் வைத்தாள். இருவரும் தின்றார்கள். நமுத்திருந்தது.

வேலை தொடங்கியது. சொருகு, எழுதவிடு, கோட்டைப் பார், கழற்று, தேதி போடு. முதல் அரை மணி ஷெங் திரையை மட்டுமே பார்த்தான். பிறகு கைகள் பழைய தாளத்துக்கு வந்துவிட்டன. அவன் கழற்றுவதை அவள் வாங்கினாள். அவள் நீட்டுவதை அவன் சொருகினான்.

"அந்த மேலாளர் ஞாபகம் இருக்கா?" என்றாள். "'ஷெங்கைப் பாரு, ஷெங்கைப் பாரு.' நான் கழிப்பறையில போய் அழுவேன்."

"அழுதியா?"

"ஆமா. ஒரு நாள் உங்க டீயில உப்புப் போடலாமான்னு பார்த்தேன். அவ்வளவு எரிச்சல்."

"ஏன் போடலை?"

"போட்டேன். நீங்க எதுவும் சொல்லாம குடிச்சிட்டீங்க."

அவன் சிரித்தான். உண்மையாகவே சிரித்தான். பான் அக்கா எட்டிப் பார்த்து, "இன்னிக்கு மழைதான்," என்றாள். தான் சொன்ன விலையை மாற்றிவிடலாமா என்று ஷெங் நினைத்தான். நானூறே வாங்கிக்கொள்ளலாம். எண்ணூறு சும்மா சொன்னேன் என்று சொல்லிவிடலாம். கடைசி டிரைவ் முடிந்ததும் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டான்.

நான்கு மணி. இருபத்தாறு முடிந்திருந்தது. எல்லாம் நேர்க்கோடு. ஷெங் இருபத்தேழாவதைச் சொருகக் குனிந்தான். மேசைக்கு அடியில் கம்பி சிக்கியிருந்தது. அவன் முழங்காலிட்டு அதை விடுவித்துக்கொண்டிருந்தான்.

"பேனா காஞ்சு போச்சு அண்ணே," என்றாள் மேலிருந்து.

"இரு, வரேன்."

"நீங்க கம்பியைப் பாருங்க. வேற பேனா எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

பழைய கவுண்டரில் ஷெங் பேனாவை எப்போதும் இடப்பக்க இழுப்பறையில்தான் வைப்பான். இப்போதும் அங்கேதான் வைத்திருந்தான்.

இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்கவில்லை.

அவன் எழுந்தான். தலை மேசை விளிம்பில் இடித்தது. அவள் கையில் பேனா இல்லை. ஒரு கொக்கு இருந்தது. அதைத் திருப்பி முதுகில் இருந்த 3/9-ஐப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து யாருடையது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்.

அவள் அதைத் தன் கணினியில் சொருகவில்லை. தேதிக்கு மேல் கட்டைவிரலை ஒருமுறை தேய்த்தாள். மை காய்ந்திருந்தது. அழியவில்லை.

சோதனைக் கணினியில் இருபத்தாறாவது டிரைவின் நேர்க்கோடு இன்னும் திரையில் இருந்தது. ஷெங் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். இரண்டு வாரம் தினமும் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம். நான் நல்லதென்று சொல்லவில்லை.

அதற்குள் அவள் டிரைவைக் கல்லாவின் மேல், முதுகு மேலே தெரியும்படி வைத்தாள். மற்ற இருபத்தாறோடு சேர்க்காமல், தனியாக.

"அண்ணே," என்றாள். "நான் அன்னிக்கு இங்க சாஞ்சு நின்னு உங்களைக் கேட்டப்போ, இது எங்க இருந்துச்சு?"